சூசைராஜின் நன்றியுரை

லிசா மின்விசிறியை நிறுத்தினாள், ஃப்ரிட்ஜையும் அணைத்தாள். ஹெட்போனில் அந்த ‘ங்ங்ங்’ மட்டும் போவேனா என்றது.

“இன்னாமா, போச்சா?” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் அப்பா சூசைராஜ்.

“இன்னும் கீதுப்பா. இரு.”

கடைசியாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாள். சத்தம் சட்டென்று நின்றது. வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. ஒரகடத்துக் கம்பெனியில் செல்போன் மைக்கைச் சோதிக்கும் லைனில் நிற்பவள் அவள். லேசாக இரைந்தாலும் போனைத் தூக்கி ரிஜெக்ட் தட்டில் போடுகிறவளுக்கு இது இவ்வளவு நேரம் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பிள்ளைப்பாக்கம் மாதா கோயிலில் ஆண்டுக்கணக்காக வாசகம் வாசித்த குரல் சூசைராஜுடையது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே, தன் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தானே நன்றி சொல்லிப் பதிவுசெய்து வைத்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார். “உன் தம்பி ஜெபர்சன் சொல்ல மாட்டான். அழுதுகினு நிப்பான்.” ஒரே நிபந்தனை, குரலைத் தவிர வேறு சத்தம் கேட்கக் கூடாது. கோயில் மைக்கின் கரகரப்போடு மல்லுக்கட்டியே காலத்தை ஓட்டிய மனிதர்.

“ஜெபா, நீ வெளிய போய் குந்து. உன் வாய் சும்மா இருக்காது.”

“ஆமா, நான்தான் பெரிய இரைச்சலு,” என்று சிரித்துக்கொண்டே போனாள் அம்மா ஜெபமணி.

சூசைராஜ் தொண்டையைச் செருமினார். “எல்லாரும் வந்தீங்க, சந்தோசம். எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஷிப்ட்ட மாத்திக்கினு வந்தவங்களுக்கு ரொம்ப நன்றி. ஓட்டி காசு போச்சேன்னு மனசுக்குள்ள திட்டாதீங்க...”

மூச்சு வாங்கியது. பதிவு ஓடுவதை மறந்துவிட்டார்.

“ஜெபா... தண்ணி.”

அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மீதியையும் பேசி முடித்தார். முழுவதையும் போட்டுக் கேட்டபோது முகம் மலர்ந்தது.

“சுத்தமா கீது. அந்தத் தண்ணி கேட்டத மட்டும் வெட்டிடு. அசிங்கமா கீது.”

“வெட்டிடறேன்பா.”

அன்று சாயங்காலம், அம்மா வெந்நீரில் காலைத் துடைத்துவிட்டுக் கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிப்போனார். பிறகு விழிக்கவில்லை. வலி என்று ஒரு முனகல்கூட இல்லை. நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். லிசாவுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அழுதுகொண்டேதான் மறுநாள் காலை அந்தத் தண்ணீரை வெட்டினாள்.

“அக்கா, ஃபாதர் வந்துட்டாரு, குடு,” என்று ஜெபர்சன் பென்டிரைவை வாங்கிப்போய் மைக் செட்டில் செருகினான்.

அப்பாவின் குரல் பந்தல் முழுக்கக் கணீரென்று பரவியது. ஓட்டி என்று ஓவர்டைமைச் சொன்னதும் கம்பெனிப் பையன்கள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லிசாவுக்குப் பெருமையாக இருந்தது. துளி இரைச்சல் இல்லை.

“ஜெபா... தண்ணி.”

லிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டாத பதிவையும் பென்டிரைவிலிருந்து அழிக்காமல் விட்டிருக்கிறாள். மைக் செட்டுக்கு என்ன தெரியும், முதலில் கிடைத்ததைப் போட்டுவிட்டது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்தாயிற்று. நிறுத்துவதற்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குள், ஃப்ரீசர் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போனாள். ஸ்பீக்கரிலும் அவள் செருப்புச் சத்தம்தான் கேட்டது, பிறகு குடத்தில் டம்ளர் மோதும் சத்தம்.

“நிறுத்திடவாக்கா?” என்றான் ஜெபர்சன்.

“வுடுடா.”

அம்மா டம்ளரோடு வந்து தலைமாட்டில் நின்றாள். ஸ்பீக்கரில் அப்பா மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரைப் பிடித்தபடி அம்மா காத்திருந்தாள்.

“போதும்மா,” என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.