ஒன்பது தடவை அடித்த போன்

“அம்மாகிட்ட இருந்த பழைய செல்லு அன்னைக்குக் கைய விட்டுட்டுண்ணே. அவசரத்துக்கு அடிச்சா போவணும். வெல கம்மியா, பட்டன் செல்லா ஒண்ணு காட்டுங்க” என்று பேச்சிராஜ் செல்போன் கடைக்காரரிடம் சொன்னதும் மாரித்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. காலில் பிளேட் வைத்திருப்பதால் அவளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து மகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை அவன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னான். மாமனார் வீட்டில் சொன்னான். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொன்னான். இப்போது சங்கரன்கோவில் ரத வீதியில், முன்பின் தெரியாத ஜோஷ்வா என்கிற இந்தக் கடைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. பாவம், வாயில்லாத செல்லு. தன்மேல் விழுந்த பழிக்கு அதுவா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

அந்தச் செல்லு யார் கையையும் விடவில்லை. அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தது. ஒன்பது தடவை அடித்தது.

பனவடலிசத்திரம் பக்கத்தில் மாரித்தாய்க்கு முப்பது வெள்ளாடுகள் உண்டு. மகன் கல்யாணமாகி டவுனுக்கு வந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவள் தனியாளாகக் காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு போய் மாலையில் அடைப்பாள். பத்தும்போது ஒரு மிஸ்டு கால், அடைத்ததும் ஒரு மிஸ்டு கால். ‘நல்லா இருக்கேன்’ என்று அதற்கு அர்த்தம். மகன் எடுக்கக் கூடாது, கட் பண்ண வேண்டும். கட் பண்ணினால் ‘தெரிஞ்சுக்கிட்டேன்’ என்று அர்த்தம். அவள் புருஷன் இருந்த காலத்தில், நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பணம் பிடித்த நாளில், அவர் செய்துவைத்த ஏற்பாடு அது. எடுத்துத் தொலைத்தால் வீட்டில் சண்டையே வரும். இன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பேசினாலும் பேசாவிட்டாலும் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். போடாவிட்டால் யார் கூப்பிட்டாலும் வராது என்று மிரட்டல் வேறு. பேசாத பேச்சுக்கு எதற்கடா காசு என்று கேட்க நாதியில்லை. இப்படிக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அம்மாவும் மகனும் நாளெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்ற நிலைமையிலும், இரண்டு ரிங்கும் இரண்டு கட்டுமாகவே அவர்கள் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில், ஓரத்துக்குப் போன குட்டியை விரட்டப் போய் அவள் கல்வெட்டான் குழிக்குள் விழுந்தாள். பாறை எடுத்துவிட்டுப் பல வருஷமாகப் போட்டுவைத்திருக்கிற குழி. ஒரு கம்பி வேலி கட்ட ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. கணுக்கால் திரும்பாத பக்கம் திரும்பிக் கிடந்தது. மடியிலிருந்து செல்லை எடுத்து அடித்தாள். இரண்டு ரிங் போய்க் கட் ஆனது. மறுபடி அடித்தாள், மறுபடி கட். லோடு ஏத்துகிறான் போல, அடுத்த தடவை எடுப்பான் என்று நினைத்தாள். ஐந்தாவது தடவை கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஏழாவது தடவை அழுதாள். ஒன்பதாவது தடவை கட் ஆனதோடு பேட்டரியும் தீர்ந்தது. ரிங் போகாமலே இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு கை வந்து அமுக்கியது. அது அவள் பெற்ற கை. பொழுது சாய்ந்து, காணாமல் போன தன் ஆட்டைத் தேடி வந்த ஊர்க்காரி முத்துமாரியம்மாள் முனகல் கேட்டு எட்டிப் பார்த்திருக்காவிட்டால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பேச்சிராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதான். மூன்று மாதமாகச் செலவு பார்த்தான், பெண்டாட்டியை அனுப்பிக் கஞ்சி கொடுத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘நாந்தாம்மா கட் பண்ணேன்’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. முதலில் டவர் இல்லை என்றான். அப்புறம் செல்லு பழசு என்றான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான். அவளாகக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குகிற வார்த்தை எதற்கு ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜோஷ்வா கண்ணாடிப் பெட்டிமேல் நாலைந்து செல்லைப் பரப்பினார். “இத பாருங்க பெரியம்மா, பின்னால செவப்பு பட்டன் இருக்குலா? அமுக்குனா ஊரே கேக்க சத்தம் போடும். அஞ்சு பேருக்குத் தானா கால் போவும்.”

“அஞ்சு பேருக்கும் போவும். எடுப்பாவளா?”

ஜோஷ்வா சிரித்தார். “அது எடுக்கவுக பாடு.”

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. “அம்மா, சத்தம் நல்லா வாரத எடுப்போம்மா. பேட்டரி நாலு நாளு நிக்கணும். அதான் முக்கியம்” என்றான். அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. எல்லாவற்றையும் பார்க்கிறான், தன் கையை மட்டும் பார்க்கமாட்டேன் என்கிறான்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தாள். புளியங்கொட்டை மாதிரி பட்டன் தடித்து, மேலே ஒரு டார்ச் மட்டும் உள்ள கறுப்புச் செல்லைத் தள்ளிவைத்தாள். இருப்பதில் விலையும் அதுதான் கம்மி. “இது போதும்.”

ஜோஷ்வா பழைய செல்லிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். “ஒரு கால் போட்டுப் பாருங்க பெரியம்மா. மவன் பக்கத்துலதான நிக்காவ.”

மாரித்தாய் நம்பரை மனப்பாடமாக அமுக்கினாள். பேச்சிராஜ் அப்போது சார்ஜரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான். ‘அம்மா’ என்று வந்திருக்கும். கட்டைவிரல் போய்க் கட் பண்ணியது. போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இதுக்கு வாரண்டி உண்டாண்ணே?” என்று கேட்டான்.

ஜோஷ்வா, மாரித்தாய் காதில் வைத்திருந்த செல்லையும் மகன் சட்டைப்பையையும் மாறிமாறிப் பார்த்தார். பேச்சிராஜ் அதற்குப் பிறகுதான் திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது.

“கை தானாப் போயிட்டும்மா.”

“அன்னைக்கும் தானாத்தாம் போச்சோ? ஒம்போது தடவையும்?”

“கடையில வச்சு என்னம்மா...”

“கடையில வச்சுத்தானல செல்லக் குத்தஞ் சொன்ன?” என்றவள் ஜோஷ்வா பக்கம் திரும்பினாள். “தம்பி, பழைய செல்லுல ஒரு கோளாறும் கெடையாது. அதையும் பையில போட்டுக் குடுங்க. நல்ல செல்லு அது.”

வெளியே வந்து பைக்கை எடுத்தான். அவள் காலைத் தூக்கிவைத்து, ஒரு பக்கமாகப் பின்னால் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்ப் பனவடலிசத்திரம் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அவன் முன்னால் பார்த்தே ஓட்டினான். இன்றைக்கும் இப்படியே பஸ் ஏற்றிவிட்டு, நாளைக்குச் சார்ஜர் சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லுவான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. மடியிலிருந்து புதுச் செல்லை எடுத்து அமுக்கினாள்.

அவன் பையில் அடித்தது. முதுகு விறைத்தது. பைக் மெதுவானது. மூன்றாவது ரிங், நான்காவது ரிங். சந்தை நாள் கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியது. நடு வீதியில் பிரேக்கைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றினான். போனை எடுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு காதில் வைத்தான்.

“சொல்லும்மா.”

அந்தக் குரல் அவளுக்கு முன்னாலிருந்து ஒரு தடவையும், கொஞ்சம் பிந்திச் செல்லுக்குள் ஒரு தடவையும் கேட்டது.

“ஏலே பேச்சி” என்றாள் மாரித்தாய். “நான் குழிக்குள்ள விழுந்து கெடக்கேம்ல. காலு ஒடிஞ்சிட்டு. தண்ணி தவிக்கி. இங்கன யாரும் இல்ல. சீக்கிரம் வால.”

அவன் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. “வண்டிய ஓரங்கட்டும்வே!” என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். வீதியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரே வண்டியில் முன்னும் பின்னும் உட்கார்ந்தபடி, ஆளுக்கொரு செல்லைக் காதில் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதை இறக்கவில்லை.