நெட்டை எழுத்து

புதுப் பலகை மாட்டிய மறுவாரமே சலூன் பாதி அகலத்துக்கு ஒடுங்கி, ஒரு மாடி உயர்ந்தது. உள்ளேயிருந்த நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. முடிவெட்டுபவர் அலட்டிக்கொள்ளாமல் ஏணி வாங்கினார். அடுத்து செருப்புக்கடை, அதற்கடுத்துப் பல் மருத்துவர். மிச்சமான இடத்தில் புதுக்கடைகள் முளைத்தன. அந்தக் கடைக்காரர்களும் பலகைக்கு அவளிடமே வந்தார்கள்.

அவள் ரொட்டிக் கடைக்காரரின் மனைவி, எழுத்துரு வரைபவள். கையகலக் கடைக்கு முழநீளப் பெயர் வைக்கிறார்களே என்ற எரிச்சலில் வரைந்ததுதான் அந்தப் பலகைகளில் இருந்த நெட்டை எழுத்து. கொண்டையில்லை, குஞ்சமில்லை, தலைமுதல் கால்வரை ஒரே தடிமன். கால் பரப்பி உட்காரும் ‘ண’வையும் ‘ணை’யையும் இடுப்பைப் பிடித்து நெருக்கி நிற்க வைத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் அறையும். “பலகைக்கு மட்டும்தான். துணியில, காகிதத்தில போட்டுடாதீங்க,” என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள்.

உபதேசம் ஊருக்குத்தான். கல்யாண நாளன்று கணவரின் ஏப்ரனில் ‘ரொட்டிக்காரர்’ என்று நெட்டையிலேயே நூலால் தைத்துக் கொடுத்தாள். உள்ளங்கையளவு எழுத்து என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அவர் அதைக் கழற்றவே மனமில்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தார். மாதக் கடைசியில் நிலைப்படியில் தலை இடித்தது. அவருக்கோ ஒரே கொண்டாட்டம். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, என்றோ விழுந்த கரண்டிகளையெல்லாம் எடுத்து வந்தார். மாமியார்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்: “எம்புள்ளைக்குச் சோறு போடுறியா, இல்ல காட்டிட்டு எடுத்து வச்சிடுறியா?”

அவள் சாய்ந்துகொள்ளவென்றே இருந்த அகலமான மனுஷர் அவர். இப்போது சாய்ந்தால் எலும்பு குத்தியது. ஏப்ரனைக் கழற்றி ஒளித்து வைத்தும் ஒடுக்கம் நிற்கவில்லை. ஒருநாள் அவர் பக்கவாட்டில் திரும்பியபோது அவள் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. அன்றுதான் வாய்விட்டு அழுதாள். ஏப்ரனில் ஒரு எழுத்தின் தையலைப் பிரித்துப் பார்த்தாள். அவருக்குக் குரல் போய்விட்டது. அலறியடித்துத் திரும்பத் தைத்தாள்.

பிரிக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஏப்ரனை மடியில் போட்டு வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு, பலகை வேலையில் தினமும் செய்வது நினைவுக்கு வந்தது. எழுத்துகள் மூச்சு முட்டி நின்றால் அவற்றின் உருவத்தை யாரும் தொடமாட்டார்கள், இடைவெளியைத்தான் கூட்டுவார்கள். ஒவ்வொரு எழுத்தையும் கடைசி நூல் அறுந்துவிடாமல் மெதுவாக நகர்த்தி, விரலகலம் விட்டுவிட்டுத் தைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, “கூசுது, கூசுது,” என்று நெளிந்தார்.

பழைய அகலம் அப்படியே திரும்பி வந்தது, இடையிடையே சந்துகளோடு. அவர் கடையில் நின்றால் பின்னால் என்ன ரொட்டி வெந்திருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் அவர் வழியாகவே பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். மாமியார் அந்தச் சந்துகளுக்கும் சேர்த்துச் சட்டை அளவெடுத்தாள். அவள் பழையபடி சாய்ந்துகொண்டாள். மேலே போட்ட கை ஒரு சந்தில் இறங்கி, கதகதப்பாக அங்கேயே தங்கிவிட்டது. ஜன்னல் திறந்திருக்கும் நாட்களில் மட்டும் அவரைத் தட்டி எழுப்புவாள்.

“ஏங்க, உங்க வழியா காத்து அடிக்குது. கொஞ்சம் திரும்பிப் படுங்க.”

அவரும் திரும்பிப் படுப்பார்.