அடுத்த வீட்டுக் கரை

ஏரிக்கரை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் மாதச் செய்தியை யாரும் படிப்பதில்லை. கேட்பார்கள். அச்சடித்துக் கதவிடுக்கில் செருகினால் அது நேரே காய்கறித் தோல் சுற்றத்தான் போகிறது என்று தெரிந்த பிறகு, கூட்டத்தில் சத்தமாக வாசித்துவிடுவது வழக்கமாயிற்று. வாசிக்கிறவர் கடைசி வீட்டு அம்மாள். அதனாலேயே செய்தியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பதெல்லாம் அவர் வாயால் வந்தால்தான் அங்கே செய்தி.

இந்த மாதம் உருப்படியாக ஒரே செய்திதான் இருந்தது. அதை வாசிக்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

ஏரியில் மீன் செத்து மிதந்தது. காரணம் ஒன்றும் பரம ரகசியமில்லை. சங்கத்தின் கிளப் கட்டடத்தில் கழிவுநீர்த் தொட்டி பழுதாகி, அதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, தலைவர் குழாயை ஏரிக்குள் திருப்பிவிட்டிருந்தார். விஷயம் வெளியே போனால் வீட்டு மதிப்பு இறங்கிவிடும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூக்கையும்தான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. விடிந்தும் விடியாமலும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நீளக் கழியோடு இறங்கி வந்து, தன் கரையில் ஒதுங்கிய மீனை அடுத்த வீட்டுக் கரைக்குத் தள்ளிவிடுவார். அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால், "காலைல நல்ல காத்து" என்பார்கள். வெட்கம் மானம் இருக்கிறவர்கள் செய்கிற காரியமா இது? கடைசி வீட்டுக்கு அப்பால் தள்ள வீடில்லை. ஆகவே அத்தனை மீனும் செய்தியம்மாவின் கரையில் வந்து நாறியது.

அந்த வீட்டைத்தான் அவர் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. படுக்கையறையோ மாடியில். தங்கை வீட்டுப் பக்கத்தில் மாடியில்லாத சின்ன வீடொன்று பார்த்து வைத்திருந்தார்கள். இது விற்றால் அது. மீன் சாவதற்கு முன்பே ஓர் இளம் தம்பதி வந்து பார்த்து, பிடித்துப்போய், கூட்டத்தன்று மறுபடி வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெண் மாசமாக இருந்தாள். பிள்ளைக்கு இந்த ஏரியிலேயே நீச்சல் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் தலைவர் வீடு தேடி வந்தார். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், பதில் வரும் என்று எதிர்பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"நாளைக்குக் காலைல தோட்டக்காரரை அனுப்பறேன். உங்க கரையைச் சுத்தமா அள்ளிடுவாரு. 'ஏரி நல்லா இருக்கு'ன்னு நீங்க ஒரு வரி வாசிங்க. போதும்."

"நல்லா இல்லையே, டாக்டர்."

"வீடு விக்கணுமா, வேண்டாமா?"

"விக்கணும்."

"அப்புறம் என்னம்மா? சாரோட காலை நெனச்சுப் பாருங்க."

செய்தியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டு மனிதரின் முழங்காலை எடுத்து இவன் பேரம் பேசுகிறானே! ஆனால் தலைவர் போன பிறகு கணவரே, "அவர் சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான்" என்றார்.

"அந்தப் பொண்ணு புள்ளைய அந்தத் தண்ணில எறக்குவா. தெரிஞ்சும் நான் சும்மா இருக்கணுமா?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். செய்தியம்மா அடுப்படிக்குப் போய் அழுதார். அந்த மனிதர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவர் அவர்தானே.

கூட்ட அறையில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. இளம் தம்பதியைத் தலைவரே கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். செய்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்த மாதச் செய்தி. முதல் வீட்டு மீன் இரண்டாம் வீட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டாம் வீட்டார் தம்முடையதையும் சேர்த்து மூன்றாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாலாம் வீடு தலைவருடையது. அவருடைய கழி எல்லாருடையதையும்விட நீளம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செய்தியம்மா நிறுத்தவில்லை. தொட்டி பழுதானதை வாசித்தார், குழாயைத் திருப்பியதை வாசித்தார், திருப்பச் சொன்னவர் யார் என்பதையும் வாசித்தார்.

"இது செய்தியில்ல, அவதூறு" என்று தலைவர் எழுந்தார். "ஏரில ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஜன்னலத் திறங்க."

யாரும் அசையவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எழுந்தது செய்தியம்மாவின் கணவர்தான். நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் தாழ்ப்பாளை விலக்கித் தள்ளினார். நாற்றம் உள்ளே வந்தது. மாசமாயிருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த மீனெல்லாம் ஒதுங்கறது நீங்க விக்கிற வீட்டுக் கரைலதானேம்மா?" என்று அவள் புருஷன் கேட்டான்.

"ஆமாப்பா. அந்தத் தண்ணில மட்டும் குழந்தைய எறக்கிடாதீங்க."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது அந்தப் பெண் செய்தியம்மாவின் கையை ஒரு தரம் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் செய்தியம்மா பெயிண்டும் பிரஷுமாகத் தெருவாசலில் நின்றார். 'வீடு விற்பனைக்கு' என்று எழுதியிருந்த பலகையில் அதன் கீழே, 'ஏரியில் கிளப் சாக்கடை கலக்கிறது. தெரிந்துகொண்டு வாங்கவும்' என்று எழுதினார். அந்த வழியாக வந்த தலைவர் காரை நிறுத்தி இறங்கினார்.

"மொதல்ல இதை எடுங்க. இப்படி எழுதி வச்சா உங்க வீட்டை எவனும் வாங்க மாட்டான்."

"தொட்டிய ரிப்பேர் பண்ணுங்க, அந்த வரியை அழிச்சுடறேன். அதுவரைக்கும் நாங்க மாடிப்படி ஏறிக்கறோம்."

பக்கத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, பெயிண்ட் டப்பாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கணவர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாது. இன்னும் பெருசா எழுது" என்றார்.