இன்னும் உருக்கமாக

ஓசி என்றால் கௌதம்ராஜுக்குத் தலைகால் புரியாது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளெக்ஸ் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இன்னொன்று என்று இரண்டு கடைக்கு முதலாளியான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பேனருக்கு வாசகம் எழுதித் தரும் ஏஐ ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று எவனோ சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை காலையில் அதைக் கம்ப்யூட்டரில் திறந்துவைத்துவிட்டார்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு செல்வி. ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் குடு. தேறுச்சுன்னா ரெண்டு கடைக்கும் இனி இதுதான்."

செல்வலட்சுமி பதினோரு வருடமாக அந்தக் கடையில் டிசைனர். காதுகுத்து, சடங்கு, கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வாசகம் அவளுடையதுதான். தன் பிழைப்புக்கு வேட்டு வைக்க வந்ததற்குத் தானே மார்க் போட வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனாலும் அவள் நியாயம் பார்ப்பவள். காதுகுத்து பேனருக்கு எட்டு மார்க் போட்டாள். தளவாய்புரத்து ஜவுளிக்கடைத் திறப்புக்கு ஒன்பது. அந்த வரி அவளுக்கே தோன்றியிருக்காது.

வியாழக்கிழமை அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு அனுப்பிவிட்டு, கௌதம்ராஜே அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். மம்சாபுரத்திலிருந்து வெள்ளத்தாய் என்ற அம்மாள் வந்திருக்கிறாள். மகன் வல்லரசு ராணுவத்தில் இருந்தவன், இருபத்தாறு வயது. போன வருடம் மலைப்பாதையில் ராணுவ லாரி உருண்டு இறந்துபோனான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ஒரு பிளெக்ஸ் வேண்டும். கௌதம்ராஜ் விவரத்தை அடித்தார். அதுவும் அடக்கமாக நாலு வரி கொடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு அது போதவில்லை. 'இன்னும் உருக்கமாக' என்று அடித்தார். வந்த ஆறு வரியைப் படத்தோடு சேர்த்து, சரியா என்று பார்த்துச் சொல்லும்படி அந்த அம்மாளின் போனுக்கே அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வலட்சுமி கடை திறக்க வந்தபோது வெள்ளத்தாய் ஷட்டர் ஓரம் நின்றிருந்தாள். தான் யார் என்று சொல்லி, போனை நீட்டினாள்.

"அந்தக் கடைசி வரிய வாசி தாயி. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சரியா வாசிச்சனான்னு தெரியணும்."

செல்வலட்சுமி வாசித்தாள். 'கவிழ்ந்த வாகனத்தின் அடியில் மரணத்தோடு நெடுநேரம் போராடி, கடைசி மூச்சிலும் அம்மா என்றழைத்துக் கண்மூடிய எங்கள் வல்லரசே.'

"அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கேன்." வெள்ளத்தாய் அழவில்லை. "ஆபீசர் வீட்டுக்கே வந்து சொன்னாவ. உருண்ட வேகத்துல உடனே உசுரு போயிருச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு. அத நெனச்சுத்தான் ஒரு வருசமா ரெண்டு வாய் சோறு திங்கேன். எம்புட்டு நேரம் தாயி கெடந்தான்? உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா."

செல்வலட்சுமி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அத்தை, அது பொய். மெஷினு அதுவா எழுதிக்கிட்டது. அதுக்கு ஒண்ணுந் தெரியாது."

"தெரியாமயா நெடுநேரம்னு எழுதும்? அவன் என்னைய யாத்தான்னுதான் கூப்புடுவான். அம்மான்னு கூப்புட்டதே கெடையாது. வலி தாங்காமத்தான் அப்படிக் கத்தியிருக்கான்."

என்ன சொல்லியும் ஏறவில்லை. செல்வலட்சுமி கம்ப்யூட்டரைப் போட்டு, அவள் கண்முன்னாலேயே, அந்த வாசகத்துக்குக் கீழே 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'மன்னிக்கவும். அந்த விவரம் கற்பனையாகச் சேர்க்கப்பட்டது.' அதை உரக்க வாசித்துக் காட்டினாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'வேண்டுமானால், அவர் புன்னகையோடு விடைபெற்றதாக மாற்றித் தரட்டுமா?' அதை வாசிக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு தாய் வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறு நிறத்தில் எடுத்துக்காட்டவா என்று துணிக்கடையில் கேட்பதுபோல் கேட்கிறது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த கௌதம்ராஜ் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்தார்.

"அதான் சாரி சொல்லிருச்சே செல்வி. மாத்திட்டாப் போச்சு."

"யாரு அண்ணாச்சி சாரி சொன்னது? அதுக்குப் பெத்தவ இருக்காளா, பிள்ளை இருக்கா? இன்னும் உருக்கமா வேணும்னு கேட்டது நீங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சரியா வாசிக்காம அனுப்பிட்டேன்" என்று பிரிண்டரைப் பார்த்துச் சொன்னார் அவர். இருந்ததே ஆறு வரி. அதை வாசிக்க நேரமில்லாதவருக்கு இரண்டு கடை எதற்கு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மார்க் எழுதிய தாளைக் கசக்கி அவர் மேஜையில் போட்டாள்.

ஏஐயை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். "நீங்க சொல்லுங்க அத்தை. சொன்னபடி அடிக்கேன்."

வெள்ளத்தாய் நாற்காலியை ஒட்டி வந்து நின்றாள். "லாரி உருண்டு போயிட்டான்னு போடு." பிறகு, "உடனே போயிட்டான்னு சேத்துப் போடு" என்றாள்.

செல்வலட்சுமி அடித்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வெள்ளத்தாய் குனிந்து, 'உடனே' என்ற வார்த்தைக்கு நேராகத் திரையில் விரலை வைத்தாள்.

"இது நெசந்தானே தாயி?"

அந்த மலைப்பாதையில் செல்வலட்சுமியும்தான் இருக்கவில்லை. ஆனாலும், "நெசந்தான் அத்தை" என்றாள். குரல் உறுதியாகத்தான் வந்தது.

வெள்ளத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"எதுக்கும் அதுகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."