பன்னிரண்டு நிமிடம் ஓடும் கணினி

அஜந்தா என் மனைவி தக்ஷாயினியின் தங்கை. சுனாமிக் கடல் வந்த பிறகு அவள் என் வீட்டுப் படியேறியதில்லை. யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்த அடுத்த ஞாயிறு, கல்குடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஆரையம்பதிக்கு வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். வந்த காரியத்தைச் சொன்னாள்.

மாமிக்கு, அவளுடைய அம்மாவுக்கு, மூத்த மகளின் படம் வேண்டும். முகம் மறந்துபோகிறதாம். வீட்டோடு அல்பங்களும் போய்விட்டன. கலியாணப் படங்களை ஒருகாலத்தில் நான் ஸ்கேன் செய்து கணினியில் போட்டு வைத்திருந்தது அஜந்தாவுக்கு ஞாபகம் இருந்தது.

“அந்தக் கம்பியூட்டர் கிடக்கா அத்தான்?”

“கிடக்கு. வேலை செய்யாது.”

“வேலை செய்யாட்டி என்ன? ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற மெசின்ல போட்டா படம் வரும்தானே. எங்கட ஒபிஸ்ல அப்பிடித்தான் செய்றாங்க.”

அவள் சொன்னது சரி. தொழில்நுட்பக் கல்லூரியில் நானே அதைப் பாடமாக நடத்துகிறேன். ஆனால் டிஸ்க்கைக் கழற்றப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் அன்றைக்கு என்ன பழுது என்று தெரிந்துவிடும். நாலரை வருடமாக நான் தெரிந்துகொள்ளாமல் இருந்தது அதைத்தான்.

2004 டிசம்பர் 25, சனிக்கிழமை. முதல் நாள்தான் கணினியின் செலரோன் பிராசசரைக் கழற்றிவிட்டுப் பென்டியம் ஃபோர் போட்டிருந்தேன். பிராசசரையும் அதன் தலையில் வைக்கும் விசிறியையும் காத்தான்குடியில் கணினி திருத்தும் கூட்டாளி நிஸ்தார் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தான். கணினி எழும்பும். பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிறகு அப்படியே நின்றுவிடும். மவுஸ் அசையாது, கீபோர்டு கேட்காது, பாட்டு ஓடினால் ஒரே சத்தத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். ரேம் நினைவக அட்டைகளைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். படங்கள் கிடந்த டிரைவைத் தொடாமல் வின்டோசை அழித்து, நின்ற நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து திரும்பப் போட்டேன். மின்சாரம் குறைவோ என்று அயல் வீட்டிலிருந்து வயர் இழுத்தேன். கணக்குச் சரியாகப் பன்னிரண்டு நிமிடம்.

கல்குடாக் கோயிலில் திருவெம்பாவை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடிக்கு, தாய்வழிக் குலத்துக்கு, உரியது. ஞாயிறு விடியற்காலைப் பூசை தக்ஷாயினியின் குடிக்கு. நாங்கள் இருவரும் சனி பின்னேரமே போவதாக இருந்தது. நிஸ்தாருக்குப் போன் எடுத்துப் பழுதைச் சொன்னேன். அவன் சிரித்தான். “பொஞ்சாதியோட கோயிலுக்குப் போடா மடையா. பெட்டி எங்கயும் ஓடாது. திங்கக்கிழம கொண்டு வா, நான் பாக்கன்.”

நான் போகவில்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன் என்றேன். மாணவர்களின் புள்ளிப் பட்டியல் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், அது இதற்குள் இருக்கிறது என்று காரணம் சொன்னேன். பட்டியலை நான் ஏற்கெனவே பிளொப்பியில் எடுத்து வைத்திருந்தேன். பழுதைக் கண்டுபிடிக்காமல் எழும்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கோயிலிலேயே இருந்தார்கள். தக்ஷாயினி மட்டும் நேரத்தோடு வீட்டுக்குப் போனாள். வீடு கடற்கரையில். கோயில் உள்ளே, மேட்டில். கடல் வந்தபோது கோயிலில் இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள்.

ஒன்பது மணி பஸ்ஸில் நான் ஏறவில்லை. அப்போதும் வின்டோஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அஜந்தா பார்த்திருக்க, அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன். வேறு கணினி கல்லூரியில்தான் இருந்தது, அன்று பூட்டு. பன்னிரண்டு நிமிடத்துக்குள் படங்களைப் பென் டிரைவில் எடுத்துவிடலாம் என்று அஜந்தாவிடம் சொல்லி, வயர்களைக் கொழுவினேன். பக்கத்து மூடியைத் திறந்தே விட்டேன். எழும்பியது. விசிறி சுற்றியது. எண்பத்து மூன்று படங்கள் இருந்தன.

அஜந்தாவால் பொறுக்க முடியவில்லை. பார்த்துவிட்டு எடுப்போம் என்றாள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். மணவறை, கூறைச்சேலை, மாமாவின் அழுத முகம். முப்பத்தெட்டாவது படத்தில் தக்ஷாயினி பந்தியில் உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அதில் கணினி நின்றுவிட்டது.

திரையில் அவள் அசையாமல் இருந்தாள். நிறுத்தத்தான் வேண்டும். நான் சுவிச்சில் கையை வைத்தபோது அஜந்தா என் கையைப் பிடித்தாள்.

“கொஞ்சம் இருக்கட்டும்.”

கையை எடுத்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

“அண்டைக்கு இதுல என்ன பழுது?”

“தெரியாது.”

“இத்தின வருசமாத் தெரியாதா? நீங்க படிப்பிக்கிற ஆள்தானே.”

திறந்த பெட்டிக்குள் கையை விட்டு, விசிறிக்கு அடியில் பிராசசரின் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. அன்றைக்கும் தொட்டேன், அன்றைக்கும் குளிர்ந்திருந்தது. ஆகவே சூடு காரணமில்லை என்று முடிவு செய்து வேறெல்லாம் தேடினேன். இப்போது விளங்கியது. இந்தப் பிராசசர் ஓடினால் தகடு சுட வேண்டும். தகடு குளிர்ந்திருந்தால் சூடு தகட்டுக்கு ஏறவில்லை. கீழேயே நின்று எரிகிறது.

நிறுத்தினேன். தக்ஷாயினி போய்விட்டாள். நான்கு கொளுக்கிகளையும் விடுவித்துத் தகட்டைத் தூக்கினேன். அடியில், சாம்பல் நிறப் பசைக்கு மேலே, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருந்தது. பூட்டுவதற்கு முன் உரிக்க வேண்டிய தாள்.

மறந்துபோய் விட்டதல்ல. எங்கள் பக்கத்தில் புதுச் சாமானின் தாளை யாரும் உரிப்பதில்லை. ஓட்டோ சீட்டில் பொலித்தீன் கிழிந்து தொங்கும்வரை இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரன் ஒட்டிய தாள் மஞ்சளாகும்வரை இருக்கும். வெள்ளிக்கிழமை நான் அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த தக்ஷாயினி சொன்னாள்: “அத உரிக்காதீங்க. இஞ்சத்த உப்புக் காத்துக்குக் கறள் புடிச்சிரும்.” துரு ஏறும் என்பது சரி என்று நினைத்தேன். ஓரத்தைத் திரும்ப அழுத்தி ஒட்டினேன்.

தாளை உரித்தேன். தகட்டைப் பூட்டி சுவிச்சைப் போட்டேன். படங்களைப் பென் டிரைவில் எடுத்தேன். பன்னிரண்டு நிமிடம் கடந்தது. இருபது கடந்தது. தகட்டைத் தொட்டேன், சுட்டது.

அஜந்தா மேசையில் கிடந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதா?”

“ஓம். நான் உரிக்காம விட்டுட்டன்.”

“எவ்வளவு நேர வேல?”

“அஞ்சு நிமிசம்.”

அவள் தாளை வைத்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தாள்.

“அக்கா ஏன் கோயில்ல இருந்து நேரத்தோட போன எண்டு தெரியுமா? நீங்க பசியோட வருவீங்களாம், புட்டு அவிக்கோணுமாம். நான்தான் பூசத் தட்டக் கையில குடுத்து அனுப்பின.”

புட்டு அவிக்கத்தான் போனாள் என்பது எனக்குத் தெரியும். அனுப்பி வைத்தது அஜந்தா என்பது தெரியாது. தாளை உரிக்க வேண்டாமென்று சொன்னது யார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“அம்மாட்ட இதச் சொல்லிராதீங்க. மருமகனுக்குக் கவுண்மென்ட் வேல, விட்டுட்டு வரேலாமப் போச்சு எண்டுதான் அவ சனத்துக்கெல்லாம் சொல்ற. அது இல்லாட்டி அவக்கு உங்களத் திட்டோணும். திட்ட அவக்கு ஏலாது, அத்தான்.”

“சரி.”

“அண்டைக்கு இருந்தது பெரிய பழுதெண்டு அம்மாட்டச் சொல்றன்.”

“சொல்லு.”

போயிட்டு வாறன் என்று அவள் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடம் வரை கூடப் போனேன். கல்முனைப் பக்கமிருந்து பஸ் வந்தது. ஏறி, நான் நின்ற பக்கத்திலேயே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.