எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓர் ஆள்

கலீலுர் ரஹ்மான் தோஹாவில் பதினோரு வருடமாக பஸ் ஓட்டுகிறார். அதில் கடைசி மூன்று வருடமும், குளிர்காலத்தில் பயிற்சிக்கு வருகிற ஐரோப்பிய கால்பந்து அணிகளுக்குத்தான் அவருடைய பஸ். ஊரில் கேட்டால், "கலீல் பெரிய பெரிய டீமோட சுத்துறான்" என்பார்கள். சுற்றுவது உண்மைதான். ஆனால் அணியை ஸ்டேடிய வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, உள்ளே எழும் சத்தத்தை வைத்து கோலா ஆஃப்சைடா என்று ஊகித்துக்கொண்டிருப்பதுதான் அவர் இந்த மூன்று வருடத்தில் பார்த்த கால்பந்து. காயல்பட்டினத்தில் பிறந்தவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. அந்த ஊரில் பிள்ளை நடக்கப் பழகுகிறபோதே பந்து காலடியில் கிடக்கும்.

இந்த ஜனவரியில் வந்தது டிம்மர்விக் என்கிற ஸ்வீடன் அணி. பழுப்பும் வெள்ளையுமாக ஜெர்சி. தோஹாக்காரர்கள் ஜாக்கெட்டோடு நடமாடும் குளிரில், இவர்கள் கையில்லாத பனியனோடு வெயில் கிரீம் பூசிக்கொண்டு அலைந்தார்கள். அணியின் துணிமணி, பந்து, பூட்ஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பு பிரீட்டா என்கிற அறுபது வயது அம்மாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டை முதல் நாளே பிடித்துக்கொண்டவர், ஹோட்டலிலிருந்து மைதானம் போகிற இருபது நிமிடத்தில் தன் சங்கத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். கலீலுக்குப் பாதி இங்கிலீஷ்தான் புரியும். மீதியைக் கால்பந்து புரிய வைத்தது.

டிம்மர்விக் கடலோரத்து மரக்கம்பெனி ஊர். மரம் அறுக்கிற தொழிலாளிகள் சேர்ந்து நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் "மரத்தூள்" என்று கேலி செய்ய, அதனால் என்ன என்று மரத்தூளின் நிறத்தையே ஜெர்சிக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் வருடம் கம்பெனி முதலாளி எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனி இது என் டீம்" என்று சொல்லியிருக்கிறார். பதினோரு ஜோடி பூட்ஸும் அன்று மாலையே அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டன. மறுநாள் வேலைக்குப் போடும் பூட்ஸோடு மழையில் ஆடினார்கள். பார்க்க வந்தது ஒரே ஓர் ஆள், கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த சமையல்காரர். ஆட்டம் முடிகிற வரைக்கும் நனைந்துகொண்டே நின்றார்.

அன்றைக்கு எழுதிய விதி இன்றைக்கும் இருக்கிறது. சங்கம் ஆடுகிறவனுக்கும் சொந்தமில்லை, காசு போடுகிறவனுக்கும் சொந்தமில்லை, நின்று பார்க்கிறவனுக்குச் சொந்தம். எல்லைக்கோட்டுக்கு வெளியே உறுப்பினர் ஒருவராவது முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரைக்கும் பார்க்காவிட்டால் அது டிம்மர்விக் ஆட்டமே இல்லை. சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பார்த்தவர் தன் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று தடித்தடியாகப் பன்னிரண்டு புத்தகங்கள் ஆகிவிட்டன. பதிமூன்றாவது பிரீட்டாவின் பையில் இருந்தது.

"கொரோனா நேரத்துல ஸ்டேடியத்துக்குள்ள யாரையும் விடலையே, அப்ப என்ன பண்ணீங்க?" என்று கலீல் மடக்கினார். விதி என்றால் ஓட்டை இருக்கும் என்று நம்புகிற ஆள் அவர்.

"வேலிக்கு வெளியே ஏணி போட்டு என் தங்கை ஏறி நின்றாள். பன்னிரண்டு ஆட்டம்" என்றார் பிரீட்டா.

தோஹா அணி ஒன்றோடு நட்பு ஆட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அதைப் பார்ப்பதற்கென்றே அறுபது ரசிகர்கள் ஸ்வீடனிலிருந்து புறப்பட வேண்டியது. வெள்ளிக்கிழமை ராத்திரி பனிப்புயல் வந்து விமான நிலையத்தையே மூடிவிட்டது. சனிக்கிழமை காலைப் பயிற்சி முடிந்து ஹோட்டலுக்குத் திரும்ப பஸ்ஸில் ஏறிய பிரீட்டா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். சிக்னலில் திரும்பிப் பார்த்தால் கண் சிவந்திருந்தது.

"நூற்றுப் பத்து வருடம்" என்றார். "என் கையில் புத்தகம் இருக்கும்போது அறுந்து போகப் போகிறது."

"ஆட்டத்தைத் தள்ளி வெக்கலாமே?"

"நாளை விடியற்காலையில் எங்களுக்கு விமானம்." மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டென்று கலீலை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? நாங்களா?"

"இல்ல மேடம், பஸ் கம்பெனி."

"அப்படியானால் நீ உறுப்பினராகலாம்!"

கலீலுக்கு பிரேக்கில் கால் போய்விட்டது. ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்து முழு ஆட்டம் பார்ப்பது! ஆனால் அடுத்த நொடியே முகம் தொங்கிப் போனது. ஏனென்றால் அவர் ஏற்கனவே ஓர் உறுப்பினர். காயல்பட்டினம் கடற்கரை ஸ்போர்ட்டிங் கிளப்பில் பதினாறு வயதில் சேர்ந்தவர். அந்தக் கிளப்பில் இருந்துகொண்டு இன்னொரு கிளப்பில் சேர்வது என்பது பெண்டாட்டி பிள்ளையை நட்டாற்றில் விட்டதற்குச் சமம். ஒரு தடவை மைத்துனர் ஒருவர் எதிர்க் கிளப்பின் பனியனை, அதுவும் இரவல் பனியனை, போட்டுக்கொண்டதற்காக இரண்டு பெருநாளைக்கு யாரும் அவரோடு பேசவில்லை.

பிரீட்டாவிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு, பஸ்ஸை ஹோட்டல் ஓரம் நிறுத்தி, சவூதியில் இருக்கிற அல் கோபாருக்குப் போன் போட்டார். கிளப்பின் தலைவர், எல்லாருக்கும் அண்ணன் முறையான சாகிர் காக்கா அங்கேதான் துணிக்கடை வைத்திருக்கிறார். கலீல் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"அவங்க நம்ம மே மாச டோர்னமெண்டுக்கு வருவாங்களா?" என்றார் காக்கா.

"ஸ்வீடன்லேந்து எப்படி காக்கா வருவாங்க?"

"நல்லா விசாரிச்சுச் சொல்லு. நாளைக்கு வந்து நின்னா நீ எந்தப் பக்கம் ஈப்பா?"

"நம்ம பக்கம்தான் காக்கா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப சேந்துக்க. ஏணி வெச்சுப் பாத்தவங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்? பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போடு."

டிம்மர்விக்கில் உறுப்பினராவது ரொம்ப எளிது. ஏற்கனவே உறுப்பினராக இருக்கிற ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, 'இந்தச் சங்கம் எனக்கும் சொந்தம்' என்று அவரவர் மொழியில் சொன்னால் போதும். ஹோட்டல் வாசலில், பெட்டி தூக்கிகள் வேடிக்கை பார்க்க, கலீல் அதைத் தமிழில் சொன்னார். பிரீட்டா அவர் கழுத்தில் பழுப்பு வெள்ளைத் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டார்.

வழியெல்லாம் நெரிசல், நான்கு மணி ஆட்டத்துக்கு மூன்று ஐம்பதுக்குத்தான் ஸ்டேடியம் வந்து சேர்ந்தார்கள். பார்க்கிங் தேட நேரமில்லை. கண்ணில் பட்ட முதல் கேட்டை ஒட்டி வண்டியைப் போட்டுவிட்டு, படியேறி ஓடினார் கலீல். மூச்சு வாங்க அவர் உட்காரவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. வெறும் நட்பு ஆட்டம் என்று உள்ளூர்க்காரர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மூவாயிரம் காலி நாற்காலிக்கு நடுவில் அவர் ஒருவர்.

ஒருவர் என்று சொல்லிவிட முடியாது. கீழே, வேலியோரம், மஞ்சள் சட்டை போட்ட ஸ்டூவர்டு ஒருவர் நின்றிருந்தார். கூட்டத்தைக் கண்காணிப்பது அவர் டியூட்டி. கூட்டம் கலீல்தான். ஆகவே மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, கலீலையே முறைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இப்படி முறைப்பு வாங்கினால் குற்றமே செய்யாதவனுக்கும் குற்றவுணர்ச்சி வந்துவிடும். சட்டையில் 'துவாரகன்' என்று பெயர் குத்தியிருந்ததை கலீல் அப்போதுதான் கவனித்தார்.

"தமிழா தம்பி?"

"ஓம் அண்ணை. யாழ்ப்பாணம், பருத்தித்துறை." உதடு அசையாமல் பதில் வந்தது. நாற்பதை ஒட்டிய வயது, அழகாக வெட்டிய மீசை. "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. என்ன நடக்குது எண்டு கொஞ்சம் சொல்லுங்கோவன்."

"பின்னாடிதானே ஈக்குது, திரும்பிப் பாருங்களேன்."

"திரும்பேலாது. அந்தப் பக்கத்தில சூப்பர்வைசர் நிக்கிறார். ரெண்டு வார்னிங் வாங்கிட்டன். மூண்டாவது எண்டால் வெளியில, கார் பார்க்கிங்ல விட்டிடுவார்."

அதன்பிறகு அந்த ஸ்டாண்டில் நடந்ததை ஒரு டிவி கம்பெனியாவது படம் எடுத்திருக்கலாம். கலீல் எழுந்து நின்று காயல்பட்டினம் மைக் வருணனையாளர் தோற்றுப்போகும்படி ஆட்டத்தை விவரிக்க, துவாரகன் முகத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தோஹா அணி ஒரு கோல் போட்டதும் துவாரகனின் மீசை இறங்கியது. இடைவேளையில் டிம்மர்விக் கதையையும் புத்தகத்தின் கதையையும் கலீல் சொல்ல, "வடிவான விதி அண்ணை" என்று பெருமூச்சு விட்டார்.

எழுபத்தெட்டாவது நிமிடம். தோஹா அணியின் ஆள் ஒருவர் முழங்கால் பிசகி விழ, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அடுத்த நிமிடமே துவாரகனின் வாக்கிடாக்கி கத்தியது. அதைக் கேட்டு அவர் முகம் வெளுத்தது.

"அண்ணை, கேட் நாலில நிக்கிற பஸ் உங்கடையோ? ஆம்புலன்ஸ் வெளியால போகேலாமல் நிக்குதாம்!"

அவசரத்தில் கலீல் வண்டியைப் போட்டது ஆம்புலன்ஸ் கேட்டில். யாரையும் குறை சொல்ல முடியாது, தப்பு முழுக்க அவருடையது. ஒரு மனுஷன் கால் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது புத்தகமாவது விதியாவது என்று போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் எழுந்து போகிற நொடியில் நூற்றுப் பத்து வருடம் அறுந்துவிடும். மைதானத்தின் எதிர்ப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரீட்டா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்கனவே உறுப்பினராக இருக்கிற ஒருவர் கையைப் பிடித்தால் போதும். கலீல் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, வேலிக்கு மேலாகத் துவாரகனின் கையைப் பிடித்தார். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, இந்தச் சங்கம் எனக்கும் சொந்தம்னு சொல்லுங்க. சீக்கிரம்!"

"அண்ணை, நான் திரும்பினால் என்ர வேலை..."

"தெரியும். வற்புறுத்தல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க."

துவாரகன் எதிர்ப்பக்கத்து சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டார். கார் பார்க்கிங்கையும் நினைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "இந்தச் சங்கம் எனக்கும் சொந்தம்" என்று சொல்லிவிட்டு, மழையில் நின்ற அந்தச் சமையல்காரர் மாதிரி காலை ஊன்றி, மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார். திரும்பியது உறுதியான பிறகுதான் கலீல் ஓடினார்.

பஸ்ஸை எடுத்து, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு, அடுத்த தெரு வரை சுற்றி நிறுத்துவதற்குள் உள்ளே ஆட்டக்காரர்கள் போடுகிற சத்தம். கோல் சத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் யார் கோல்? மூன்று வருடமாக ஊகித்துப் பழகிய காதுக்கு இப்போது ஒன்றும் பிடிபடவில்லை. திரும்ப ஓடி வந்து சேர்வதற்குள் கடைசி விசிலும் ஊதிவிட்டார்கள். படியேறியவர் கண்ட காட்சி இதுதான். துவாரகனுக்கு இந்தப் பக்கம் சூப்பர்வைசர், அந்தப் பக்கம் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிரீட்டா.

"வாக்கிடாக்கில எத்தனை தடவை குமோ குமோ, திரும்பு திரும்புன்னு கத்தினேன்? காது கேக்கலையா? கலாஸ், முடிஞ்சுது, நாளையிலேர்ந்து நீ பார்க்கிங்!" என்று இந்தியில் குதித்துக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர்.

பிரீட்டாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "கலீல், நீ எழுந்து போனதைப் பார்த்தேன். போனபிறகு யார் பார்த்தது?" என்றார்.

கலீல் துவாரகனைக் காட்டினார். கையைப் பிடித்ததையும் அவர் சொன்னதையும் திரும்பி நின்றதையும் தன் பாதி இங்கிலீஷில் சொன்னார். பிரீட்டா துவாரகனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரின் பக்கம் திரும்பி, நிதானமாக, வெற்று உண்மையைச் சொன்னார்.

"மரியாதையாகப் பேசுங்கள். இவர் எங்கள் அணியின் உரிமையாளர்களில் ஒருவர்."

வளைகுடாவில் சில சொற்களுக்கு மேல் கேள்வி கிடையாது. முதலாளி என்பது அதில் முதலாவது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார், மூடினார். கலீல் கழுத்தில் கிடந்த பழுப்புத் துண்டையும் பிரீட்டாவின் கழுத்து அட்டையையும் பார்த்தார். பிறகு தன்னையறியாமல் காலைச் சேர்த்து நின்று, "சாரி சார்" என்றார், தன் கீழே வேலை செய்கிற துவாரகனிடம். கலீல் சிரிப்பை அடக்க துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் தானே போய் வி.ஐ.பி. பெட்டியிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார்.

துவாரகன் அதில் உட்காரவில்லை. நாற்காலி மேல் புத்தகத்தை வைத்து, முட்டி போட்டு எழுதினார். எண்பதாவது நிமிடம் வரைக்கும் கலீல் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே துவாரகன். நூற்றுப் பத்து வருடத்துப் புத்தகத்தில் முதன்முதலாகத் தமிழ் எழுத்து.

"என்ன எழுதியிருக்கிறார்? கோலைப் பற்றியா?" என்று கேட்டார் பிரீட்டா.

கலீல் குனிந்து படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். "சொல்லுங்கோவன் அண்ணை" என்று துவாரகன் வெட்கத்தோடு மீசையைத் தடவினார். கலீல் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தார்.

'எண்பத்தாறாவது நிமிடம் எங்கள் ஏழாம் இலக்கக்காரன் இடது காலால் அடித்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நான் ஆறு வருடமாக இந்த ஸ்டேடியத்தில் நிற்கிறேன். கோல் எப்படிப் போகும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.'