ஆர்ச்சி மேர் தூக்கி அடித்த பந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் போர்ட் லாத்தன் ரோவர்ஸ் கால்பந்து அணிக்காக முதன்முதலாக ஆட இறங்கிய ஆர்ச்சி மேர் தூக்கி அடித்த பந்து, நாற்பத்தைந்து வருடம் கீழே இறங்கவில்லை. அந்த வருடம் ஹெர்ரிங் மீன் விலை சரிந்தது, துறைமுகத்து ஐஸ் ஆலைக்குப் புதுக் கூரை போட்டார்கள், பந்து மேலே போனது. எங்கள் ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

பக்கத்து ஊரான இன்வரார்னோடு ஆட்டம். ஆளுக்கொரு கோல், முடியச் சில நிமிடமே பாக்கி. பந்து நடுக்கோட்டருகே தற்காப்பு ஆட்டக்காரனான ஆர்ச்சியின் காலில் இருந்தது. எதிரணி ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். வலது பக்கம், நல்ல தூரத்தில், அவனுடைய தெருக்காரன் இன்னஸ் ஸ்லேட்டர் தன்னந்தனியாக நின்று கையைத் தூக்கினான். “ஆர்ச்சி! இங்க குடுடா! ஃப்ரீயா நிக்கிறேன்!” இருவரும் ஒரே சைக்கிளில் பயிற்சிக்குப் போய் வளர்ந்தவர்கள். இன்னஸின் ஆட்டத்தைப் பார்க்கவென்றே கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து பழுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கோல் அடித்தால் இன்னஸின் வாழ்க்கை மாறிவிடும் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆர்ச்சியின் காதில் பயிற்சியாளர் டல்லக் வருடக்கணக்காக ஓதிய பாடம்தான் ஒலித்தது: “சந்தேகம் வந்தா யோசிக்காத, தூக்கி அடி.” அடித்தான். பந்து பார்வையாளர் மேடைக் கூரையின் உயரத்தைத் தாண்டியது, கடற்காகங்களைத் தாண்டியது, அங்கேயே நின்றுவிட்டது.

நடுவர் கிளெனி சட்டம் பிசகாத ஆள். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகவில்லை, தரையையும் தொடவில்லை, ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருட்டும்வரை எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். பழுப்புக் கோட்டுக்காரர் கடைசி ரயிலைப் பிடிக்கப் போனவர் மறுபடி வரவேயில்லை. இன்வரார்ன்காரர்கள் பசி பொறுக்காமல் பஸ் ஏறினார்கள். கிளெனி விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த வருடப் பட்டியலில் எங்கள் ஆட்டத்துக்கான கட்டத்தை லீக்காரர்கள் காலியாகவே விட்டார்கள்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வானம் தெளிந்திருக்கும் நாளில் பந்து ஒரு பட்டாணி அளவுக்குத் தெரியும். குளிருக்குச் சற்றே இறங்கும், வெயிலுக்கு ஏறும். படகுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வலையை ஏற்றினார்கள். பக்கத்து விமானதளத்திலிருந்து ஒரு விமானம் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனது.

கலங்கிப்போனவர் டல்லக் ஒருவர்தான். கிளப்பிடம் இருந்ததே சில பந்துகள், இப்படி ஒவ்வொன்றாக மேலே போனால் என்ன செய்வது? அவர் துறைமுகத்துக்குப் போய்ப் பழைய ஹெர்ரிங் வலை ஒன்றைக் கேட்டு வாங்கி, பயிற்சி மைதானம் முழுக்கத் தலைக்குச் சற்று மேலே பந்தல் போல இழுத்துக் கட்டினார். செவ்வாயும் வியாழனும் பிள்ளைகள் அந்த வலைக்கடியில்தான் பழகினார்கள். இனி யாரும் தூக்கி அடிக்கக் கூடாது. கோல்கீப்பர் பந்தை உருட்டிவிடுவான், தற்காப்புக்காரர்கள் இருபுறமும் விரிந்து நிற்பார்கள், நடுவிலிருந்து ஒருவன் இறங்கி வந்து வாங்கிக்கொள்வான், அப்படியே கைமாற்றிக் கைமாற்றிப் போக வேண்டியது. “நம்ம ஊர்க் காத்து முழங்காலுக்கு மேலதான்டா வீசுது, அதுக்குக் கீழ நாமதான் ராஜா” என்பார் டல்லக். மற்ற சின்ன கிளப்களெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பையன்கள் புல்லோடு புல்லாகப் பந்தைக் கொண்டுபோய்க் கோலில் வைத்துவிட்டு வந்தார்கள். பெரிய கிளப்கள் வந்து எங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. மைதானத்துக் கடையில் ஆட்டிறைச்சி அடைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்தின் வாசனையும் ஈரப் புல்லும் உப்புக்காற்றும் கலந்து ஒரு மணம் வரும், அது வேறெங்கும் கிடையாது.

டல்லக்குக்குப் பிறகு பிள்ளைகளைப் பழக்கியது ஆர்ச்சிதான். அன்றைக்குப் பிறகு அவன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பகலில் மின்சார வேலை, மாலையில் வலைக்கடியில். அவன் புதிதாகச் சேர்த்த விதி ஒன்றே ஒன்று: ஒருவன் பந்து கேட்டுக் குரல் கொடுத்தால், கொடுக்கிறாயோ இல்லையோ, அவன் பெயரைச் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவான். அந்த விதி எங்கிருந்து வந்ததென்று ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்னஸ் ஐஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் செய்தான், மகள் பிறந்தாள், மனைவியைப் பறிகொடுத்தான். ஆட்டம் முடியாததால் ஊர்க் கணக்கில் இருவருக்கும் வயதே ஏறவில்லை, தலை நரைத்த பிறகும் அவன் இவன் என்றே பேசினோம். சனிக்கிழமை தவறாமல் இன்னஸ் மைதானத்துக்கு வந்து, வலது ஓரத்துக் கம்பிக்கு வெளியே, அன்று நின்ற இடத்துக்கு நேராக நிற்பான். ஆர்ச்சியோடு பேச்சு கிடையாது. மைதானத்தில் அந்த இறைச்சிப் பலகாரக் கடை வைத்திருந்த நெட்டா அக்காதான் நடுவே தூது.

“ஆர்ச்சி, உன் கூட்டாளி சொல்லச் சொன்னான். இன்னும் ஃப்ரீயாத்தான் நிக்கிறானாம்.”

“சாஸ் இருக்காக்கா?” என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான் ஆர்ச்சி. அவனுக்கு நெஞ்சழுத்தம் என்று சிலர் சொன்னார்கள். அழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான்.

இப்படியே காலம் ஓடியது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு இன்னஸின் மகள் கனடாவிலிருந்து பேசி, தனியாகக் கிடந்தது போதும், என்னோடு வந்துவிடுங்கள் என்றாள். அவன் வீட்டை விற்றான். திங்கட்கிழமை விமானம், அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். நெட்டா அக்கா ஆர்ச்சியிடம் போய், “இதுக்கப்புறம் நான் யார் பேச்சையும் சுமக்க மாட்டேன், சொல்லிட்டேன். இன்னைக்கு விட்டா அவன் போயிடுவான்” என்றாள். அன்று ஆர்ச்சி சாஸ் கேட்கவில்லை.

இடைவேளை வந்தது. இரண்டு அணிகளும் உள்ளே போய்விட்டன, மைதானம் காலியாகக் கிடந்தது. ஆர்ச்சி தன் மடங்காத முழங்காலை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டருகே போய், அன்று நின்ற இடத்தில் நின்றான். அண்ணாந்து பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்பி, மைதானமே கேட்கும்படி கத்தினான்: “இன்னஸ்! உனக்குத்தான்டா!”

பந்து இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது, இன்னஸ் கம்பியைக் குனிந்து தாண்டி, கைத்தடியோடு உள்ளே வந்து நிற்க நேரமிருந்தது. பந்து ஆர்ச்சியின் நெஞ்சில் விழுந்து காலடிக்கு வந்தது. அவன் அதைத் தரையோடு தரையாகத் தள்ளினான். அவன் சொல்லிக்கொடுத்த எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுத்தமாக ஒரு பாஸ் கொடுத்ததில்லை. இன்னஸ் அதை நிறுத்தி, தடியை எறிந்துவிட்டு, நொண்டி நொண்டி நான்கைந்து எட்டு எடுத்துவைத்து அடித்தான். பந்து மெதுவாக உருண்டு காலி கோலுக்குள் போனது. கூட்டம் போட்ட கூச்சலில், ஆட்டம் பார்க்க வந்திருந்த கிளெனி அதற்கு முன்பே விசில் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. பழைய நடுவர் கையைத் தூக்கியபடி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“ஆஃப்சைடு.”

“யோவ் கிளெனி! உனக்கு மனசாட்சி இருக்கா?” என்று கடையிலிருந்து கத்தினாள் நெட்டா அக்கா.

“பாஸ் கொடுக்கறப்ப அவனுக்கு முன்னால எதிராளி ஒருத்தனாவது இருந்தானாம்மா?” என்ற கிளெனி இன்னஸ் பக்கம் திரும்பினார். “அன்னைக்கும் இதே கதைதான் ஸ்லேட்டர். அவங்க கடைசி ஆளையும் தாண்டிப் போய் நின்னுக்கிட்டுக் கையைத் தூக்கின. உன்னைச் சுத்தி ஏன் ஒருத்தனும் இல்லேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? அந்தப் பாஸ் வந்து நீ கோல் போட்டிருந்தாலும் செல்லாது.”

“இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“ஆட்டம் நடக்கறப்ப நடுவர் அதெல்லாம் பேசக் கூடாது” என்று சொல்லி, ஆட்டம் முடிந்ததற்கான விசிலை நீளமாக ஊதினார் கிளெனி.

இன்னஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரித்தான், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். ஆர்ச்சி பக்கத்தில் வந்து, முழங்காலை நீட்டிச் சிரமப்பட்டு உட்கார்ந்தான்.

“கேட்டியாடா? நீ குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது” என்றான் இன்னஸ். “உன்னப் போட்டு இத்தனை வருஷம் வறுத்தெடுத்துட்டேன்.”

“குடுத்திருக்கணும்” என்றான் ஆர்ச்சி. “நீ கூப்பிட்டல்ல.”

அணிகள் வெளியே வந்து, இரண்டாம் பாதியைத் தொடங்கக் காத்து நின்றன. இந்த இருவரும் எழுந்திருக்கட்டும் என்று அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்த நடுவரும் பொறுத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஆர்ச்சியே தன் வண்டியில் இன்னஸை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான். அடுத்த வாரம் லீக்காரர்கள் பழைய பட்டியலில் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள், ஒன்றுக்கு ஒன்று, சமன். பந்தில் கொஞ்சம் காற்றுக் குறைந்திருந்தது, செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குள் காற்றடித்து அதை மற்ற பந்துகளோடு போட்டுவிட்டார்கள்.